மூன்றாவது ஞாயிறுக்குள் ஒரு சிம்

மேனகா மதினி இந்தியாவுக்கு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அதில் எட்டு நாள் மலையை மூடும் பனிமூட்டம், மஞ்சு, இறங்கிக் கிடந்தது. ஆகவே அவர் இந்தியாவைப் பார்த்தது மொத்தம் மூன்று நாள்.

மதினி பிறந்தது இலங்கையில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எங்கள் அப்பா மூக்கையாவும் அங்கே பிறந்தவர்தான். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து அவரைக் கப்பலேற்றிவிட்ட பிறகு, கேரள எல்லையை ஒட்டிய கிளாவரையில் வந்து பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணன் குமாருக்குப் பெண் பார்க்கும் நேரம் வந்தபோது, கொடைக்கானல் மலை முழுவதையும் விட்டுவிட்டுக் கடல் தாண்டி உறவில் எடுத்தது அவர்தான். “தெரிஞ்ச குளிர்ல வளந்த பிள்ளையா இருக்கணும்லே” என்று காரணம் சொன்னார். இது நடந்தது 2007இல்.

வந்த அன்று கொடைக்கானல் பூத்திலிருந்து மதினி தன் அம்மாவுக்குப் பேசினார். அந்த அம்மாவுக்கு வீட்டில் போன் கிடையாது. நாலு மைல் இறங்கி டவுனில் உள்ள போன் கடைக்கு வர வேண்டும். கொமினிகேஷன் என்பார்கள் அதை. கண்ணாடிக் கதவு வழியாக எங்களுக்கும் கேட்கும்படி அந்த அம்மா கத்தினார்.

“ஞாயித்துக்கெழம பத்து மணிக்குக் கொமினிகேஷன்ல வந்து குந்தியிருப்பேன். மூணு ஞாயிறு பார்ப்பேன் புள்ள. அதுக்கு மேல முழங்கால் கேக்காது. நீ மறந்துட்டன்னு வச்சுக்குவேன்.”

முதல் ஞாயிறு பூண்டு நடவில் போனது. அன்று கிளாவரையில் பஸ் ஏறியிருந்தாலும் பயனில்லை. அது கொடைக்கானல் போய்ச் சேர்வதற்குள் மதியம் தாண்டிவிடும், அந்த அம்மா வந்து உட்காரும் கடையோ பன்னிரண்டுக்குப் பூட்டிவிடும். வீட்டிலேயே ஒரு மொபைல் வேண்டும் என்று முடிவானது. நான் திண்டுக்கல்லில் பி.காம். படிக்கிறவன், செமஸ்டர் லீவில் வந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் அட்டவணை போடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை.

பெருமாள்மலையில் கந்தவேல் அண்ணன் கடை. ஒரு பாதியில் ஸ்வெட்டர், மறு பாதியில் சிம் கார்டு. வாசலில் மூன்று கம்பெனிகள் கொடுத்த மூன்று குடைகள், சிவப்பு, நீலம், மஞ்சள். மஞ்சு வந்தால் கடை மறைந்துவிடும். மூன்று நிறம் மட்டும் ஆகாயத்தில் தொங்கும். அதைப் பார்த்துத்தான் மதினியும் நானும் பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

“லோக்கல்ல பேச ஆளு இருக்காம்மா?” என்றார் கந்தவேல்.

“இல்லீங்க. இங்க எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே வீட்டுல இருக்காங்க.”

“அப்ப குடும்ப ஸ்கீம் வேஸ்ட்டு. ராத்திரி பதினொண்ணுக்கு மேல ஃப்ரீயா பேசுற ஸ்கீம் ஒண்ணு கெடக்கு.”

“அந்நேரம் யாரு முழிச்சிருப்பா?”

“லவ் பண்றவங்கம்மா.”

“நான் கட்டிட்டேனுங்களே.”

கந்தவேல் மரியாதையாக அந்த நோட்டீஸை மடித்து உள்ளே வைத்துவிட்டார். நான் என் அட்டவணையை விரித்தேன். இலங்கைக்கு நிமிடத்துக்கு எவ்வளவு, எத்தனை நாள் வேலிடிட்டி, எல்லாம் சிவப்பு மையில். நீலக் கம்பெனி முதலிடம். தேர்வில் முதல் மார்க் வாங்கிய பிள்ளையைக் காட்டுவதுபோல் காட்டினேன். மதினி அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“இது நம்ம வீட்டுல எடுக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

“தமிழ்நாடு பூரா எடுக்கும்மா. ஏந்தம்பி, கிளாவரை தமிழ்நாடுதான?”

“என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க?” என்றேன். மேப்பில் அப்படித்தான் இருந்தது.

அண்ணன் பேரில் சிம்மும் ஒரு போனும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். வாசலில் நின்று போனை ஆன் செய்ததும் டிங் என்று ஒரு மெசேஜ்.

“தம்பி, இது என்னா?”

“கேரளாவுக்கு வந்த உங்களை வரவேற்கிறோம்னு போட்டிருக்கு மதினி.”

“நான் எங்கயும் போகலையே.”

“நீங்க போகல. போன் போயிருக்கு.”

எங்கள் ஊருக்குத் தமிழ்நாட்டு டவர் எட்டாது. மலைக்கு அந்தப் பக்கத்து டவர்தான் எட்டும். நான் நாலு மாசமாகத் திண்டுக்கல்லில் சிக்னலோடு வாழ்ந்தவன், இதை யோசிக்கவே இல்லை. அப்பா போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, ஒரு தேசம் மாறுனதுக்கே எனக்கு ஆறு வருசம் ரேசன் கார்டு கெடைக்கல. இது நின்ன எடத்துலயே மாத்துதா?”

இரண்டாவது ஞாயிறு. முட்டைக்கோஸ் காட்டுக்கு மேலே உள்ள பாறையில் மதினியும் நானும் ஏறி நின்றோம். கீழே காடு இல்லை, ஊர் இல்லை, வெள்ளையாக ஒன்று மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கு நம்பரைப் போட்டார். காதில் வைத்தவர் முகம் மலர்ந்தது. பிறகு குழம்பியது.

“ஒரு அம்மா பாட்டுப் படிக்கிறாங்க தம்பி.”

வாங்கிக் கேட்டேன். “பாட்டு இல்ல மதினி, மலையாளம். வேற ஸ்டேட் சிம்ல இங்கேருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாதாம்.”

“அத ஏன் இவ்வளவு ஆசையா சொல்றாங்க?”

பன்னிரண்டு வரை, போட்ட போதெல்லாம், அந்த மலையாளத்து அம்மா சலிக்காமல் ஆசையாகச் சொன்னார். பிறகு மதினி போனை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா இப்ப ரோட்டு வளைவுல மொத முடக்கு ஏறியிருப்பாங்க” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப கோயில்கிட்ட நின்னு மூச்சு வாங்குவாங்க.”

பார்த்துக்கொண்டே சொல்வதுபோல் இருந்தது. நானும் அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு கட்டத்தில் யாரோ முந்தானையை உதறிக்கொண்டு நடப்பதுபோல் எனக்கும் தெரிந்தது. மஞ்சுதான். “லயத்து வீட்டுக்குப் போயிட்டாங்க” என்று மதினி சொன்ன பிறகுதான் எழுந்தோம்.

மறுநாளிலிருந்து மதினி நடவுக்கு வருகிறவர்களையெல்லாம் நிறுத்தினார். எந்தக் கம்பெனி, என்ன ஸ்கீம் என்று எதுவும் கேட்கவில்லை. “போனைக் கொஞ்சம் காட்டுங்க” என்பார். திரையில் எத்தனை சிக்னல் குச்சி நிற்கிறது என்று எண்ணுவார். திருப்பிக் கொடுத்துவிடுவார். புதுப்பெண் ஊரார் போனையெல்லாம் வாங்கிப் பார்க்கிறாள் என்று பேச்சு கிளம்பி, அது பெருமாள் கோயில் மேடு வரை போய்த் திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்தது. புதன்கிழமை பூண்டு மூட்டை தைக்க வந்த சுந்தராம்பாள் அக்கா, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு போனை எடுத்துக் காட்டினார். குச்சி முழுசாக நின்றது.

“இது எந்தக் கம்பெனிக்கா?”

“யாரு கண்டா தாயி. மலைக்கு அந்தாண்ட கட்டிக்குடுத்த மகளுக்கு மாப்பிள்ள வாங்குனப்ப எனக்கும் ஒண்ணு வாங்குனாக.”

“எனக்கும் ஒண்ணு வாங்கச் சொல்லுங்க.”

நான் தலையிட்டேன். “மதினி, அது கேரளா சிம். என் அட்டவணையில கடைசி எடம். பாதி வெலைக்கு நீலம் இருக்கு.”

“ஒங்க மொத எடம் பாட்டுத்தானே தம்பி படிச்சிச்சு?”

மூட்டை தைத்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அன்று மாலை அந்த அட்டவணையை அடுப்பு பற்றவைக்கக் கொடுத்தேன். ஈரத்தில் அதுவும் பற்றவில்லை.

வெள்ளிக்கிழமை சிம் வந்தது. வரவேற்பு மெசேஜ் வரவில்லை, அதற்கு இது சொந்த ஊர். அதில் ஐந்து நிமிடம் இலங்கைக்குப் பேசலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு வெள்ளனே எழுந்து மதினி தலைக்குக் குளித்திருந்தார். குளித்தது போனில் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாறைக்கு அண்ணனும் வந்தான். பத்து மணி. நம்பரைப் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது. மலையாளத்து அம்மா வரவில்லை. மணி அடித்தது. எங்கள் ஊர் மணிபோல் இல்லை, வேறு மாதிரி, ரொம்பத் தூரத்தில் யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல். ஆறு முறை. ஏழு.

“போன வாரம் ஏமாந்தவங்க, வந்திருக்கவே மாட்டாங்க” என்றான் அண்ணன். அவனுக்கு எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று தெரியாது.

எட்டாவது மணியில் எடுத்தார்கள்.

“புள்ள?”

“அம்மா.”

“எங்க நிக்கிற?”

“மஞ்சுக்குள்ள நிக்கிறேம்மா.”

“இங்கயும் அதேதான்.”

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. அரை நிமிடம். ஒரு நிமிடம். நான் விரலைக் காட்டினேன், கையை ஆட்டினேன். நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

“பேசுங்க மதினி, காசு போகுது!”

“யாரு அது கத்துறது?” என்றது போன்.

“கொழுந்தனாரு.”

“அவர வாய மூடச் சொல்லு. நீ வச்சுராத. ஒண்ணும் கதைக்க வேணாம். மூச்சு கேக்குது.”

வாயை மூடிக்கொண்டேன். மஞ்சு பாறை மேலேயே ஏறி வந்து முதலில் அண்ணனை மறைத்தது, பிறகு என்னை. மதினி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரன், யாரோ இருமல், பிறகு சீரான மூச்சு. நாலு மைல் நடந்து வந்த மூச்சு அது. இன்னும் முழுதாக ஆறவில்லை.

பிறகு டக்கென்று நின்றது. காசு தீர்ந்துவிட்டது. அந்த மலையாளத்து அம்மா மறுபடி வந்து, எதையோ நீளமாக, ஆசையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

மதினி கட் பண்ணவில்லை. கடைசி வார்த்தைவரை கேட்டுவிட்டு, “சரிங்க” என்றார்.