களத்துச் சொற்கள் பிழைத்த கதை

1

இக்கதை ஓர் அரசாங்கக் கடிதத்திலிருந்து பிறந்தது என்பதை எழுதுபவர் முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். 1962ஆம் ஆண்டு ஆவணியில், துணுக்காயை அடுத்த குடியேற்றத் திட்டத்தில் மூன்று ஏக்கர் வயலுடைய ஏரம்புவுக்கு அது வந்தது. மூளைக் காய்ச்சலுக்குப் பின் அவர் வேளாண்மைக்குத் தகுதியுடையவரா என வியாழக்கிழமை விசாரிக்கப்படும். தகுதியற்றவரெனின் காணி வேறொருவருக்கு வழங்கப்படும்.

"மனித மூளையானது மூன்று பகுதிகளாக…" (இத்தொடக்கம் கைவிடப்பட்டது. எண்ணிப் பார்த்தவர் எவரும் இத்திட்டத்தில் இல்லை.)

2

மூளை ஓர் அலுமாரி என்று முதற்படியில் எழுதப்பட்டிருந்தது. அலுமாரி சரிந்தால் எல்லாத் தட்டும் சரிய வேண்டும். ஏரம்புவுக்கு அவ்வாறு நிகழவில்லை. அவர் முன்போலவே உழுதார், வரம்பு கட்டினார். பொருள்களின் பெயர்கள் மட்டும் அவரை விட்டுப் போயின. எருதைக் காட்டி "இதென்ன?" என்று மனைவி இராசமலர் கேட்டால், "வாரிக்காலன்" என்பார். நெல்லைக் காட்டினால், "பொலி."

புகையிலைத் தோட்டங்கள் நிறைந்த ஊரிலே பிறந்து வளர்ந்த இராசமலர் அச்சொற்களைக் கேட்டதேயில்லை. பக்கத்து வளவு அன்னபாக்கியத்துக்கோ ஐயமே இருக்கவில்லை.

"அது பேயின்ரை பேர், மலர். வாரிக்காலன் எண்டு மனிசருக்குப் பேர் இருக்கே? பேய் போகக் கழிப்புக் கழிக்கவேணும்."

3

செவ்வாய்க்கிழமை கலந்தர் வருகிறார். (நெல் மூட்டை ஏற்றும் வண்டிக்காரர் தக்க தருணத்தில் வந்து சேர்வது கதைக்கு மிகவும் வசதியாக உள்ளது, எழுதுபவரே இவரை ஒருமுறை நீக்கிப் பார்த்தார். ஆயினும் செவ்வாய்தோறும் அவர் அவ்வழியே சென்றது உண்மை.) ஏரம்பு அவருடைய எருதைத் தடவி, "நல்ல வாரிக்காலன்" என்றார். கலந்தர் வண்டியில் இருந்தபடியே சிரித்தார்.

"பேயுமில்லை, பிசாசுமில்லை தங்கச்சி. இது களத்துப் பேச்சு. கதிரிலை மாடு விட்டுச் சூடு மிதிக்கேக்கை மாட்டை மாடெண்டும் நெல்லை நெல்லெண்டும் சொல்லப்படாது. பூதம் கேட்டால் விளைச்சலை அள்ளிக்கொண்டு போயிடும். இவர் குமரனாய் இருக்கேக்கையே கூலிக்கு இஞ்சை வந்து பழகினவர்."

"மிச்சச் சொல்லையும் சொல்லித் தாங்கோ, நானா."

"பொம்பிளையள் களத்துக்கே வாறேல்லை. உனக்கு என்னெண்டு சொல்லுறது?"

"சொல்லாட்டி விடுங்கோ. வியாழக்கிழமை காணி போனாப் பிறகு ஆரின்ரை மூட்டையை ஏத்துவியள் எண்டு பாப்பம்."

கலந்தர் எருதுகளின் கயிற்றை நுகத்தடியில் சுற்றிக் கட்டினார். பின்னர் இறங்கி நிழலில் அமர்ந்து, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார்.

அன்றுதான் அலுமாரி நீக்கப்பட்டது. மூளை ஒரு குளம், அதிலிருந்து வயலுக்கு வரும் வாய்க்கால்கள் பல. வீட்டுச் சொற்கள் வந்த வாய்க்காலைக் காய்ச்சல் உடைத்தது. வாய் தவறக்கூடாதென்ற அச்சத்தோடு களத்திலே பழகிய சொற்கள் வேறொரு வாய்க்காலால் வந்தன. குளம் வற்றவில்லை.*

* இது எழுதுபவரின் துணிபு. மறுப்போர் ஏரம்புவைக் கண்டு பேசலாம்.

4

வியாழக்கிழமை காணி அதிகாரி எருதைக் காட்டினார்.

"இதென்ன?"

"வாரிக்காலன்."

அதிகாரி பேனையைத் திறந்தார். "மாட்டின்ரை பேரே தெரியாத ஆள் எப்பிடியம்மா வயல் செய்யிறது?"

அவ்வேளை இராசமலரின் நெஞ்சு எவ்வாறு அடித்தது என்பதை எழுதுபவர் நன்கறிவார். "அவருக்கு மாட்டைத் தெரியும் ஐயா. நீங்கள் கேக்கிற பேர்தான் தெரியாது. நான் கேக்கலாமோ?"

"கேளுங்கோ."

களத்தை மிதித்தறியாத அப்பெண், ஆண்கள் பலர் சூழ்ந்து நிற்க, களத்துச் சொல்லை வாய் திறந்து சொன்னாள். "இஞ்சேருங்கோ, பொலி மஞ்சள் பத்தினால் தண்ணியை என்ன செய்யிறது?"

ஏரம்பு நிமிர்ந்தார். "வடிய விடு. ரண்டு நாள் காயட்டும். பிறகு கட்டு."

"வாரிக்காலன்ரை கழுத்திலை புண் வந்தால்?"

"பூட்டாதை. ஆறட்டும்." பின்னர் அவளை முறைத்தார். "உனக்கு ஆர் இதெல்லாம் சொன்னது? பொம்பிளை கதைக்கிற கதையே இது?"

காய்ச்சலுக்குப் பின் அவர் பேசிய மிக நீண்ட பேச்சு அதுவே. அதிகாரி சிரித்துவிட்டார். கலந்தர் தம் எருதுகளுக்கு ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் அகன்றார்.

5

முடிவுகள் மூன்று எழுதப்பட்டன.

(அ) காணி பறிக்கப்பட்டது. இது நடக்கவில்லை, எழுதக் கையும் வரவில்லை.

(ஆ) இழந்த சொற்கள் யாவும் ஒரு காலையில் திரும்பி வந்தன. வாசகர் மகிழ்வர். ஆயினும் பொய்.

(இ) "தகுதியுடையவர்" என்று எழுதி அதிகாரி ஒப்பமிட்டார். மாரிப் பருவமான காலபோகத்துக்கு ஏரம்புவே விதைத்தார். மாசியில் கதிர் தலை சாய்ந்து நின்றது.

மூன்றாவதே உண்மை. எனினும் அதன் கடைசி வாக்கியத்தை எழுதுபவர் முடிக்கப் போவதில்லை. வாசகர் கீறிட்ட இடத்தை நிரப்புக:

எங்கள் வயலில் இம்முறை ________ நன்றாக விளைந்தது.

நெல் என்று எழுதுவோருக்கும் பொலி என்று எழுதுவோருக்கும் முழுப் புள்ளி வழங்கப்படும்.