அவள் மெச்சிய மூச்சு

என் மனைவி யாரையும் லேசில் பாராட்டிவிட மாட்டாள். நான் வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டால்கூட, "அடுப்பைத் துடைச்சீங்களா?" என்றுதான் கேட்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி என்னைப் பாராட்டினாள்.

அவள் யோகா டீச்சர். துணிக்கடை மாடியில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, காலையில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிறாள். ஆரம்பத்தில் ஆள் சேரவில்லை. கூட்டம் காட்டுவதற்காக என்னையும் கடைசி வரிசையில் ஒரு பாயில் உட்காரவைத்தாள். நான் பட்டறையில் கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவன். மூக்கைச் சுற்றி ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. யோகாவுக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அன்று உஜ்ஜாயி. தொண்டையை லேசாக இறுக்கி, சத்தம் வரும்படி மூக்கால் இழுத்து விட வேண்டும். மற்றவர்களுக்குச் சத்தமே வரவில்லை. எனக்கோ படியேறி வந்த இரைப்பே இன்னும் அடங்கவில்லை.

"எல்லாரும் கடைசி வரிசையைக் கேளுங்க. அதுதான் உஜ்ஜாயி. எவ்வளவு சீரா வருது பாருங்க!"

நான் ஒன்றுமே செய்யவில்லை, சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் முகத்தில் அந்தப் பெருமையைப் பார்த்த பிறகு எவன் வாயைத் திறப்பான்?

பிறகு ஒருநாள் தனியாக டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நுரையீரல் தழும்பேறிவிட்டதாம், இனிச் சரியாகாதாம். "வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றார். பெரிதாகத் தலையாட்டினேன், கூட்டிப்போகவில்லை. சொன்னால் அழுவாள், அதை எப்படியோ சமாளித்துவிடலாம். தான் மெச்சியது எதை என்று அவளுக்குத் தெரிந்துபோகுமே, அதைத்தான் சமாளிக்க முடியாது. என் சுயநலமும் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து கிடைத்த ஒரே பாராட்டு அது.

மெல்ல ஹால் நிரம்பியது. போன வாரம் என்னை முன்னால் அழைத்து எல்லாருக்கும் எதிரே உட்காரவைத்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. இவர் மூச்சைக் கேட்டு, அதே மாதிரி விடுங்க. நான் சொல்ற வரைக்கும் யாரும் கண் திறக்கக் கூடாது."

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் மட்டும் திறந்தாள். ஓசைப்படாமல் எழுந்து வந்து என் பக்கத்தில் குனிந்தாள்.

"அண்ணா, உங்க நகம் ஏன் நீலமா இருக்கு?"

"பெயிண்டும்மா."

அவள் கட்டைவிரலால் என் நகத்தைத் தேய்த்துப் பார்த்தாள். நீலம் போகவில்லை.

"எத்தனை மாசமா இந்த இரைப்பு?"

"இரைப்பா? அது பயிற்சிங்க" என்றாள் என் மனைவி, சிரித்துக்கொண்டே.

"பயிற்சின்னா, அவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க டீச்சர்."

என் மனைவி என் எதிரே மண்டியிட்டாள். "என்னங்க, போதும். சாதாரணமா விடுங்க" என்றாள் மெதுவாக.

நான் சாதாரணமாகத்தான் விட்டேன். அதே சத்தம்தான் வந்தது. அவள் சிரிப்பு போய்விட்டது.

"விளையாடாதீங்க" என்று காதோடு கெஞ்சினாள். அவள் விரல்கள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. அவளுக்காக மூச்சை அடக்கிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? அடக்கியதெல்லாம் சேர்ந்து, முன்னைவிடக் கரகரவென்று இழுத்தது.

மூடிய கண்களோடு ஹால் முழுக்க எல்லாரும் அதையும் அப்படியே இழுத்தார்கள்.