மஞ்சள் துணிக்குள் ஸ்டீரிங் ஜாயிண்ட்

மலேசியாவில் செடெனாக் ஊரில் மதிவாணனைவிட அவருடைய பழைய டட்சன் காருக்குத்தான் பெயர் அதிகம். ஆனால் அதன் ஸ்டீரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல் சுற்றுகிற வேலை. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தோள் வீங்கிப்போய், “இந்தச் சனியனே எனக்கு வேணாம்” என்று இறங்கிய பிரேமலா அதற்கப்புறம் அந்தப் பக்கம் உட்காரவேயில்லை. அவளுடைய லைசென்ஸ் பீரோவில் தூங்கியது.

மதிவாணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, கூலாய் டவுனுக்கு டயாலிசிஸ் போய்வர ஆரம்பித்த பிறகு ஒருநாள் அந்திநேரம். பிரேமலா சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

“காடிக்கு எலக்ட்ரிக் ஸ்டீரிங் மாட்டப் போறேன். ஒரு விரல்ல திருப்பலாம். நாளைக்கு நான் இல்லன்னா, நீ யாரு வீட்டு வாசல்லயும் போயி, கொஞ்சம் கொண்டு விடுங்கன்னு நிக்கக் கூடாது.”

“விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது.”

“பயப்படாத பிரேமலா. இத முடிக்காம நான் போக மாட்டேன்” என்று சிரித்தார்.

மனுஷன் விளையாட்டாகச் சொன்னது. ஆனால் விளக்கு வைக்கும் நேரத்தில் வாயில் வருவது பலிக்கும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். அந்த வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

பழைய கார்களுக்கென்று வெளியில் செய்து விற்கிற மோட்டார் செட் ஒன்றை அவளுடைய தம்பி செல்வா வாங்கி வந்தான். பழைய ஸ்டீரிங் தண்டைக் கழற்றி, டாஷ்போர்டுக்கு அடியில் மோட்டாரை மாட்டினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, புதுத் தண்டின் பல்லும் கீழே ஸ்டீரிங் பெட்டியின் பல்லும் சேரவில்லை. உலு திராமில் ஒரு லேத் கடையில் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு ஜாயிண்ட் கடைந்து வாங்கினான் செல்வா. உள்ளங்கையில் அடங்குகிற இரும்புத் துண்டு.

“நாளைக்கு இத மாட்டிட்டா முடிஞ்சிச்சு” என்றார் மதிவாணன்.

முடிஞ்சிச்சு என்ற சொல் பிரேமலாவுக்கு அந்த விளக்கு நேரத்து வார்த்தையை நினைவுபடுத்தியது. அவர் தூங்கியதும் அந்த ஜாயிண்ட்டை எடுத்தாள். மஞ்சளில் நனைத்த துணியில் ஒரு காசோடு சேர்த்து முடிந்தாள். முருகா, இது உன்கிட்டயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். வேலை முடியாத வரைக்கும் அவர் எங்கே போய்விடுவார்?

மறுநாளிலிருந்து தேடல்தான். சீட்டுக்கு அடியில், சாக்கடைக்குள், ஆணி டப்பாக்களில். வீங்கிய காலோடு காருக்கு அடியில் தவழ்ந்து போய்த் தேடினார். பாவி, எடுத்துக் கொடுத்துத் தொலையேன் என்று அவள் மனசு அவளையே திட்டியது. அடுப்படியில் போய் அழுதாள். ஆனால் கொடுக்கவில்லை.

வேறொன்று கடைந்து வரட்டுமா என்று செல்வா கேட்டான். “வேணாம், இங்கதான் எங்கயோ கெடக்கு” என்று முடித்துவிட்டார். ஸ்டீரிங் இல்லாத கார் போர்ட்டிகோவிலேயே நின்றது. டயாலிசிஸ் நாளில் பிரேமலா பக்கத்து வீட்டு ராஜசேகரன் வாசலில் போய் நின்று, “கொஞ்சம் கொண்டு விடுறீங்களா” என்று கேட்டாள். மதிவாணன் அதைப் பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

தீபாவளி போனது, பொங்கல் போனது. குனிய முடியாமல் போனபோதும் தினமும் முக்காலி போட்டு உட்கார்ந்து டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். பங்குனியில், ஒரு விடிகாலையில், ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். விளக்கு வைத்த நேரத்து வார்த்தை அவளைக் கைவிட்டுவிட்டது.

கருமாதி முடிந்து செல்வா வந்தான். “அக்கா, காடிய என்ன பண்றது?”

அவள் படத்துக்குப் பின்னாலிருந்த முடிச்சை எடுத்து வந்தாள். “திட்டாதடா. நான்தான் ஒளிச்சி வச்சேன். இது முடியாம இருந்தா அவரு இருப்பாருன்னு நெனச்சேன்.”

துணியை அவிழ்த்தாள். காசு இருந்தது. ஜாயிண்ட் முழுக்க கிரீஸ் பூசியிருந்தது. அவள் கிரீஸ் பூசவில்லையே.

செல்வா தலை நிமிரவில்லை. “மாமாவுக்குத் தெரியும்க்கா. காணாமப் போன மறுவாரமே, சாமி லைட்டுக்கு பல்ப் மாத்துறப்ப பாத்துட்டாரு. துருப்பிடிக்கக் கூடாதுன்னு கிரீஸ் போட்டு, திரும்ப முடிஞ்சி வச்சிட்டாரு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு.”

“அப்புறம் எதுக்குடா தெனமும் தேடுனாரு?”

“நானும் கேட்டேன். தேடுறத விட்டுட்டா, நான் போறதுக்குத் தயாராயிட்டேன்னு உங்க அக்கா நெனச்சுக்குவா, அப்படின்னாரு.”

வீங்கிய காலோடு அவர் தவழ்ந்தது பிரேமலாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. தெரிந்தே தவழ்ந்திருக்கிறார், இவளுக்காக. அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, இவள் ஓட்ட வேண்டும் என்று. அன்றைக்கே மாட்டியிருந்தால் இத்தனை மாதமும் கூலாய்க்கு இவளே ஓட்டியிருப்பாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்திருப்பார். ஒரே ஒரு நாள்கூட அப்படிப் போகவில்லை.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே” என்று அழுதாள். பிறகு, “இல்ல, குடுத்திருக்க மாட்டேன்டா. அது அவருக்குத் தெரியும்” என்றாள்.