வாசலுக்கு வெளியே முப்பது சதவீதம்

வெளிநாட்டு வங்கிகள் எழுபது சதவீதம்தான் உள்ளே வரலாம் என்பது சட்டம். அதனால் எங்கள் ஊர்க் கிளையின் புது மேனேஜர் ஹெண்ட்ரிக், இடது காலையும் இடது கையையும் வெளியே விட்டுவிட்டு, மீதியோடு வாசற்படியில் நின்றிருந்தார்.

பழைய வங்கி கடனில் மூழ்கிய நாளிலிருந்து பூட்டிக் கிடந்த கிளையை, வெளிநாட்டு வங்கி வாங்கி இன்றுதான் திறந்திருந்தார்கள். என் மகள் இந்துஜாவின் தாலி அங்கே லாக்கரில் இருந்தது. எதிர் மண்டபத்தில் அவளை மணையில் உட்காரவைத்தாகிவிட்டது. பத்தரைக்கு முகூர்த்தம் முடிகிறது. பத்திரமாக இருக்கட்டும் என்று தாலியை வங்கியில் வைத்த புத்திசாலி நான்தான்.

லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருந்தது.

“வங்கிச் சாவி சாரோட இடது பாக்கெட்ல இருக்கு,” என்றார் கேஷியர் பிலோமினா. “அந்தப் பக்கம் இன்னும் வங்கிக்குள்ள வரலை. நாங்க கை வைக்க முடியாது.”

“அவரையே எடுக்கச் சொல்லுங்க மேடம்.”

“அவருக்கு உரிமை எழுபதுக்குத்தான். மீதி உள்ளூர்க்காரங்களுக்கு. இன்னும் யாரும் வாங்கலை.”

ஹெண்ட்ரிக் வருத்தத்தோடு தலையசைத்தார். நல்ல மனிதர்.

நான் எதிர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தேன். “நான் வாங்கிக்கறேன்.”

“உங்க டெபாசிட்டுக்குப் பதிலா தரலாம். புது வங்கிச் சீர்திருத்தமே அதுதானே. ஆனா டெபாசிட்டைத் திருப்பிக் கேக்கக் கூடாது. வேலை நேரத்துல பங்கை விட்டு நகரவும் கூடாது.”

ஓய்வுபெற்றபோது வந்த பணம் முழுவதும் அந்த டெபாசிட்தான். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி சுகுணா தெருவைத் தாண்டி ஓடிவந்தாள்.

“ஐயர் மறுபடியும் கேக்கறாருங்க! தாலி எங்க?”

சரி என்றேன். இடது பாக்கெட் எனக்குச் சொந்தமானது. சாவியை எடுத்து, என் சாவியோடு சேர்த்து பிலோமினாவிடம் கொடுத்தேன். அவர் லாக்கரைத் திறந்து தாலியைச் சுகுணாவிடம் தந்தார். அவள் ஓடினாள்.

நான் பங்கின் பக்கத்திலேயே நின்றேன். கெட்டிமேளம் கேட்டது. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுதேன். ஹெண்ட்ரிக்கின் இடது கால் நின்று நின்று மரத்துப்போயிருந்தது. எனக்கு வலித்தது.

மாலையும் கழுத்துமாக மணமக்கள் இருவரும் வங்கிக்கே வந்துவிட்டார்கள். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்த மாப்பிள்ளை, வாசற்படியைப் பார்த்துக் கொஞ்சம் நிதானித்தார்.

“மூணும் அப்பாவோடதுதான்,” என்றாள் இந்துஜா.

மூன்று கால்களையும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் இடது கைகள் இரண்டையும் மரியாதையாகப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் ஆசீர்வதித்தேன்.