தொட்டிக்குள்ள கை விடாதீங்க சார்

பரமானந்தம் சார் மறுபடியும் பிளேடை எடுத்துவிட்டார் என்பது ஆய்வகக் கதவைத் திறந்ததுமே அடைக்கலமேரிக்குத் தெரிந்துவிட்டது. தரையெல்லாம் உப்புத் தண்ணீர். அவருடைய ஸ்வெட்டர் கை முழங்கை வரை நனைந்து தொங்கியது. முகத்தில் மட்டும் பெரிய காரியத்தை முடித்த திருப்தி.

"கல்லுல ஒட்டின பதினொண்ணையும் வழிச்சு எடுத்தாச்சு மேரிம்மா. இனி ஒண்ணும் வராது."

"போன மாசம் நாலு இருந்துச்சு சார். வழிச்சீங்க, பதினொண்ணாச்சு. இப்ப என்ன ஆகும்னு நானே சொல்லணுமா?"

"அது சரியா வழிக்கலை. இது வேரோட எடுத்தது."

அவள் துடைப்புத் துணியைப் பிழிந்தாள்.

ஏழாயிரம் அடி உயரத்தில், கம்பளி இல்லாமல் மனிதர்களே நிற்க முடியாத கொடைக்கானலில், ஒரு மிஷன் பள்ளி ஆய்வகத்தில் கடலைக் கொண்டுவந்து வைத்தவர் ரூத் மிஸ். அமெரிக்காவிலிருந்து வந்த உயிரியல் ஆசிரியை. நாலடிக் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், காற்று பம்ப், நான்கைந்து மீன், ஒரு நண்டு, காலிஃப்ளவர் அளவுக்கு ஒரு பவளம். 1983 ஜூனில் ஊருக்குத் திரும்பும்போது, எட்டு வருடமாகத் தன்னோடு தொட்டியைப் பார்த்துக்கொண்ட அட்டெண்டர் அடைக்கலமேரியின் கையில்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் அட்டெண்டருக்கு மேல் ஆசிரியர். ரூத் மிஸ் இடத்துக்கு ஜூலையில் வந்த பரமானந்தத்துக்குத் தொட்டியைப் பார்த்ததும் உற்சாகம் பிடிபடவில்லை. காலையில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு, மதியம் ரொட்டித் துணுக்கு, சாயங்காலம் மறுபடியும் மஞ்சள் கரு என்று மீன்களுக்கு விருந்து வைத்தார்.

மீன்கள் தின்றது போக மிச்சமெல்லாம் அடியில் படிந்தது. அதைத் தின்று கொழுத்தது, கல்லோடு ஒட்டி வந்த கடல் சாமந்தி என்கிற, பூ மாதிரியே இருக்கும் ஒரு பொல்லாத பிராணி. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். பழுப்பு நிறம், சுற்றிலும் கை விரித்த மாதிரி இழைகள். பக்கத்தில் எது இருந்தாலும் கொட்டும். அறுத்தால் அறுந்த துணுக்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். இதை ரூத் மிஸ் சொல்லியிருந்தார். அடைக்கலமேரியும் பரமானந்தத்திடம் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

பிளேடு போட்ட இரண்டு வாரத்தில் எண்ணினாள். நாற்பத்தாறு.

பவளமும் கெட்டது. இளம்பச்சையாக இருந்தது, நாளுக்கு நாள் கருப்பட்டி நிறத்துக்குப் போனது. ஜூனிலிருந்து மலையைவிட்டு இறங்காத மூடுபனி ஜன்னல் வெளிச்சத்தைத் தின்றுவிட்டது. போதாததற்குத் தண்ணீரில் முட்டைச் சத்து. செத்துப்போனால் பவளம் வெளுக்கும். இது வெளுக்கவில்லை, பழுப்பேறியிருந்தது. அதனால் உயிர் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியவில்லை.

அக்டோபரில் பரமானந்தம் ஒரு நீல மருந்து பாட்டிலோடு வந்தார். மதுரையில் வண்ணமீன் கடையில் வாங்கினாராம்.

"செம்பு மருந்து. அரை மூடி ஊத்தினா பூச்சி பொட்டெல்லாம் காலி."

அடைக்கலமேரி தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். "பூச்சி மட்டுமா காலியாகும்? பவளம் போயிரும். நண்டு போயிரும். அப்புறம் எதுக்கு சார் தொட்டி? ஊறுகா போடவா?"

"நான் எம்.எஸ்ஸி. படிச்சவன் மேரிம்மா."

"அதுக்குத்தான் கெஞ்சிக் கேக்கேன். ஒரு மாசம் குடுங்க. முட்டைய நிறுத்துங்க, தொட்டிக்குள்ள கை விடாதீங்க. இதைத் தின்னுற எறா கடல்லயே இருக்கு. என் தம்பி கொண்டாருவான்."

அவர் பாட்டிலை மேசைமேல் வைத்தார். ஆனால் முகம் கோணிப்போனது. அன்றே அவள் பாட்டிலை ஆசிட் அலமாரியில் வைத்துப் பூட்டி, ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த தம்பி சிலுவைராஜுக்குக் கடிதம் போட்டாள். மாதாமாதம் கேனில் கடல்தண்ணீர் பிடித்து பஸ்ஸில் ஏற்றி அனுப்புபவன் அவன்தான். உடம்பு கண்ணாடி மாதிரி, அதில் சிவப்புக் கோடு, பாறை இடுக்கில் இருக்கும், கறிக்கு ஆகாத சின்ன இறால் என்று அடையாளம் எழுதினாள்.

மூன்றாவது வாரம் அவனே வந்து இறங்கினான். கம்பளியில் சுற்றிய பிளாஸ்டிக் வாளியை மடியிலேயே வைத்திருந்தானாம்.

"வெள்ளனே நாலு மணிக்குக் கெளம்புனேன்க்கா. வழியெல்லாம் டம்ளர்ல மோந்து மோந்து ஊத்திக் காத்துக் குடுத்தேன். வத்தலக்குண்டுல ஒரு அம்மா, புள்ளைக்குச் சொகமில்லையான்னு கேட்டுச்சு. ஏழு புடிச்சேன், அஞ்சு கெடக்கு."

"அஞ்சு போதும்லே. உள்ள வா, வெறச்சுப் போயிருக்க."

புதுத் தண்ணீர் பழகட்டும் என்று தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக வாளியில் சேர்த்து, இரண்டு மணி நேரம் கழித்து இறால்களை விட்டாள். "அப்படியே கொட்டிர வேண்டியதுதானே?" என்று பரமானந்தம் நான்கு முறை கேட்டார். விட்ட கணத்தில் ஐந்தும் கல் இடுக்கில் மறைந்தன. மறுநாளும் கண்ணில் படவில்லை. அதற்கு மறுநாள், "செத்துப் போச்சு மேரிம்மா, அலமாரிச் சாவி எங்க?" என்று வந்து நின்றார். சாவி வீட்டில் இருக்கிறது என்று சொன்னாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது. பொய் சொன்னதற்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

நவம்பர் நடுவில் நாற்பத்தாறு முப்பதாகியது. மாதக் கடைசியில் ஒன்பது. "என் பிளேடுக்கு இப்பத்தான் பலன் தெரியுது" என்றார் பரமானந்தம். அடைக்கலமேரி ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிசம்பரில் பள்ளி ஆண்டு விழா. விருந்தாளிகளுக்குப் பவளத் தொட்டியைக் காட்ட வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். விழாவுக்கு முதல் நாள் வந்து பார்த்தவர், "என்னம்மா இது, ஒரே பழுப்பா இருக்கு? கலர் கொண்டாங்க" என்றார், சாம்பாருக்கு உப்புப் போடச் சொல்கிற மாதிரி.

"வெயில் வந்தாத்தான் சார் கலர் வரும்."

"நாளைக்கு வரும்ல?"

மறுநாள் காலை அவள் வருவதற்குள் பரமானந்தம் வழி கண்டுபிடித்திருந்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வாங்கிய சிவப்புக் கண்ணாடித்தாளைத் தொட்டியின் ட்யூப் லைட்டில் சுற்றிவிட்டார். சிவப்பு வெளிச்சத்தில் பழுப்புப் பவளம் கன்னங்கரேலென்று தெரிந்தது. விருந்தாளியாக வந்த பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது கரியா?" என்று கேட்டார். எல்லாரும் அடைக்கலமேரியைத் திரும்பிப் பார்த்தார்கள். பரமானந்தமும் பார்த்தார். அன்று வீட்டுக்குப் போய் அவள் அரிசி களைந்தாள். களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தாள்.

விடுமுறைக்குப் பரமானந்தம் சொந்த ஊரான கன்னிவாடிக்குப் போனார். ஊரில் அம்மாவுக்குக் காலில் முறிவு என்று ஜனவரி முழுக்க வரவில்லை. அவருடைய அம்மாவுக்காக அடைக்கலமேரி வருத்தப்பட்டாள், அந்த வருத்தத்துக்குள் இருந்த நிம்மதிக்காகவும் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ட்யூப் லைட்டில் இருந்த சிவப்புத் தாளைக் கிழித்தெறிந்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மீனுக்கு ஒரு சிட்டிகை இரை, அவ்வளவுதான். பனி விலகி ஜன்னலில் வெயில் விழுந்ததும், பவளத்தை வாரம் ஒரு விரற்கடையாக மேல் கல்லுக்கு ஏற்றினாள். ஒரேயடியாக வெயிலில் வைத்தால் வெளுத்துச் செத்துவிடும்.

பரமானந்தம் பிப்ரவரி இரண்டாம் வாரம் வந்தார். வந்தவர் தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பவளத்தின் நடுவில் பச்சை, கிளைகளின் நுனியில் கத்தரிப்பூ நிறம். கல்லில் ஒரு கடல் சாமந்தி இல்லை. தணிந்த குரலில் கேட்டார்:

"என்ன பண்ணீங்க மேரிம்மா?"

ஏழு மாதத்தில், தெரிந்துகொள்வதற்காக அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். சொல்வதற்கு எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் ஒதுக்கிவைத்தாள்.

"நான் ஒண்ணும் பெருசாப் பண்ணலை சார். வேற யாரும் ஒண்ணும் பண்ணாமப் பாத்துக்கிட்டேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டாள்.

"உக்காருங்க. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"