காதுக்கு எட்டாத கை

பொன்னிக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்ப்பக்கத்துக் காதைத் தொடுகிற பிள்ளையைத்தான் ஒண்ணாங்கிளாஸில் சேர்ப்பார்கள். அவள் பெற்ற இரட்டையில் பூவிழிக்குக் கை எட்டியது. பக்கிரிக்கு எட்டவில்லை.

ஒரே வயிற்றில் பிறந்தும் ஒன்று மளமளவென்று வளர, மற்றொன்று சவலையாக நின்றுவிட்டது. சவலை என்றாலும் கால் மட்டும் ஓயாது. தண்ணீரைக் கண்டால் பையனுக்குத் தலைகால் புரியாது. பொன்னி உப்பளத்தில் உப்பு வாரும்போது கரையில் அவனைப் பிடித்து வைத்திருப்பது பூவிழிதான். போன வருஷம் உப்புத்தண்ணீர்க் குழியில் விழுந்தவனை முடியைப் பிடித்து இழுத்துப் போட்டவளும் அவள்தான். புருஷன் உப்பு லாரியோடு போனால் வர நாளாகும். இவளும் பள்ளிக்கூடம் போய்விட்டால்?

பெரிய வாத்தியார் முன்னால் பக்கிரி கழுத்தைச் சாய்த்துக் காதைக் கைக்குக் கொண்டுவரப் பார்த்தான். அவர் அவன் தலையை நிமிர்த்திவிட்டார்.

"இவன அடுத்த வருஷம் கூட்டிட்டு வா. பாப்பா, நீ தொடு."

பூவிழி தம்பியைப் பார்த்தாள். தூக்கிய கை பாதியிலேயே நின்றது.

"எட்டல சார்."

பொன்னிக்கு முதலில் வந்தது நிம்மதி. இன்னும் ஒரு வருஷத்துக்குக் காவல் இருக்கிறது. மறு நொடியே அப்படி நினைத்ததற்காக உடம்பு கூசியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"பொய் சார்!" பக்கிரிதான் கத்தினான். "வூட்ல தெனம் தொடுவா. எங்க போனாலும் என்ன புட்சி இழுக்கறா சார். அவள சேத்துக்குங்க!" விடுதலை கிடைக்கப்போகிற குஷி அவனுக்கு.

வாத்தியார் பொன்னியிடம் திரும்பினார். "ஏம்மா, எட்டுமா, எட்டாதா?"

பொன்னி மகளைப் பார்க்காமலே சொன்னாள்: "எட்டும் சார்."

அவர் பெயரை எழுதிக்கொண்டு பூவிழியைப் பலகையில் உட்காரவைத்தார். அவள் ஓவென்று அழுதாள். "அவன யாரும்மா பாத்துக்குவாங்க?"

"நான் பாத்துக்கறேண்டி. நாந்தான அவனுக்கு அம்மா?"

அழுகையை நிறுத்தி, நம்பலாமா என்பதுபோல் பூவிழி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சத்தம் போட்டுனு இருந்தான்னா பயமில்ல. சத்தம் காணலன்னா ஒடனே திரும்பிப் பாரு. தண்ணிக்குப் போயிட்டான்னு அர்த்தம்."

பொன்னி சட்டென்று திரும்பினாள். பக்கிரியைக் காணோம். வெளியே குழாயடியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. பூவிழி எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரு," என்று சொல்லிவிட்டுப் பொன்னி ஓடினாள்.