ஏழு மணிக்குப் பேசுகிறவர்

என் வீட்டுக்காரர் வாய் பேசாதவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்துவிட்டால், முகம் தெரியாதவர்களிடமெல்லாம் வாய் வலிக்கப் பேசுவார். அந்த நேரத்தில் ரேடியோக்காரர்கள் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். அதற்கு நெட் என்று பெயர். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நலம் விசாரிப்பது இவர் பொறுப்பு. எனக்குக் கிடைப்பது ஒரு 'ம்'. கல்யாணமான புதிதில் நன்றாகத்தான் பேசினார். அப்புறம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிவிட்டது.

ஒரு லீவு நாளில் அந்த அறைக்குள் போய், "நானும் உங்ககூட இதுல ரெண்டு வார்த்தை பேசறேனே" என்றேன்.

"லைசென்ஸ் இல்லாம பேசக்கூடாது. பரீட்சை எழுதணும்."

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் என்னிடம் பேசிய முழு வாக்கியங்கள் அவைதான். கட்டின புருஷனோடு பேச லைசென்ஸ் வேண்டுமா? சரி, எடுத்துத் தொலைப்போம் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். எனக்கு ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை. மத்தியானம் உள்ளே போனால் இரவுதான் வெளியே வருவேன். ஈரப் போர்வைகளைத் தூக்கித் தூக்கித் தோள் இற்றுப்போகும். காயவைக்கும் மெஷின் சுற்றுகிற நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து படிப்பேன். மின்தடை என்றால் கரண்ட் போவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது கம்பிக்குள்ளேயே இருக்கிறதாம். ஒரு பக்கம் படிப்பதற்குள் கண் செருகும். கூட வேலை செய்கிறவள், "இந்த வயசுல எதுக்கு உனக்கு இந்தத் தலைவலி?" என்பாள். அவளிடம் என்னவென்று சொல்வது? சிரித்து மழுப்பிவிடுவேன்.

முதல் தடவை நான்கு மார்க்கில் போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னேன். 'ம்' என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரேடியோவைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். தூக்கத் தெம்பில்லை.

இரண்டாம் தடவை போனபோது வாசலில் நின்ற அதிகாரி, "துணைக்கு வந்தவங்க வெளிய உக்காருங்கம்மா" என்றார்.

"பரீட்சையே எனக்குத்தான் சார்."

அவர் என்னையும் என் ஹால் டிக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வழிவிட்டார். முந்தின நாள் வேலைக் களைப்பு இன்னும் உடம்பில் இருந்தது. ஆன்டெனாக் கணக்கு ஒன்றை மூன்று முறை போட்டேன், மூன்று விடை வந்தது. நடுவில் வந்ததை எழுதிவிட்டு வந்தேன். எப்படியோ தேறிவிட்டேன்.

லைசென்ஸ் வந்த அன்று அவர் கையில் பிடித்துப் பேசுகிற பழைய ரேடியோ ஒன்றை மேஜையில் வைத்தார். "சார்ஜ் போட்டிருக்கேன்" என்றார். அவ்வளவுதான் வாழ்த்து.

மறுநாள் இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். ஏழு மணி. அவர் குரல் கணீரென்று வந்தது. ஒருவரிடம் மழையை விசாரித்தார், இன்னொருவரிடம் மகளின் காய்ச்சலை விசாரித்தார். இந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! புதியவர்கள் வரலாம் என்றார். பட்டனை அழுத்தி, லைசென்ஸில் எனக்குக் கொடுத்திருந்த அழைப்புக் குறியையும் என் பெயரையும் சொன்னேன்.

அவர் பதில் சொல்வதற்குள் வேறொருவர் குறுக்கே வந்தார். பஸ் ஓட்டுகிறவராம். "அண்ணியா? லைசென்ஸ் வந்துடுச்சா! போன தடவை நாலு மார்க்ல போச்சுன்னு அண்ணன் அன்னிக்கு நெட்டே ஒழுங்கா நடத்தல. மனசு கேக்கலன்னு பொலம்பிட்டே இருந்தார்."

அடுத்து ஒரு பல் டாக்டர் அம்மா. "தோள்வலி இப்ப எப்படிம்மா இருக்கு? வேலைய விடச் சொன்னா நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயப்படறாரே."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் படுக்கிறவளுக்குத் தெரியவில்லை.

பட்டனை அழுத்தினேன். "என்னங்க, இதையெல்லாம் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஓவர்."

இரைச்சல் மட்டும் வந்தது.

பிறகு அவர் வந்தார். கணீர்க் குரலெல்லாம் போய்விட்டிருந்தது. "நேர்ல எனக்கு வாய் வரமாட்டேங்குது. எங்க விட்டுப்போச்சுன்னே தெரியல. இங்கன்னா வருது. சொல்லு. இன்னிக்கு வேலை எப்படி இருந்துச்சு? ஓவர்."

கீழே சலவைப் பிரிவில் மெஷின் நின்றுவிட்டதற்கு மணி அடித்தது. அடிக்கட்டும் என்று தண்ணீர்த் தொட்டித் திட்டில் உட்கார்ந்தேன். ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது புருஷனிடம் பேசுவது வெட்கக்கேடாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கேட்டுவிட்டார். பட்டனை அழுத்தி, மத்தியானம் நான் உள்ளே நுழைந்ததிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.